தந்திக்காரன் பெண்டாட்டி

சிறை, ஹைதராபாத்
17 நவம்பர் 2024

அக்கா,

நீ வந்து நாலு மாசம் ஆயிட்டு. கடைசியா ஜூலை இருபதாம் தேதி வந்த. அதுக்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆள் பாக்குற முலாகாத்துக்குப் பேர் கூப்பிடுற நேரத்துல சட்டையை மாத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். போன சனிக்கிழமைதான் மாத்தலை.

வக்கீல் சந்திரசேகரன் சொல்லித்தான் நீ நல்லாருக்கன்னு தெரியுது. ரெண்டாவது ஜாமீன் மனுவும் தள்ளுபடின்னு அவர்தான் சொன்னார். கடுதாசி எழுதணும்னா உன் ஸ்கூல் அட்ரஸுக்கு எழுதச் சொன்னியாமே. வீட்டுக்கு எழுதினா என்னன்னு நான் கேக்கலை. கேட்டா அவரும் என்ன சொல்வார், பாவம்.

தமிழ்லயே எழுதுறேன். சண்டே ஸ்கூல் தமிழ். தப்பு இருந்தா டீச்சர் புத்தியில சிவப்பு மை வெச்சுத் திருத்திராத. இங்க எல்லாக் கடுதாசியையும் படிச்சுப் பாத்துதான் வெளியே விடுவாங்க. ஹெட் வார்டர் இந்தப் பேப்பரை ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்துட்டு, "இந்துலோ ஏம் ராசாவு ரா?"ன்னார், இதுல என்ன எழுதிருக்கன்னு. சினிமா கதை சார்ன்னேன். சிரிச்சுட்டு, சரி எழுதுன்னுட்டார்.

நிசமாவே சினிமா கதைதான். இங்க வர்ற பேப்பர்ல அரைப் பக்க விளம்பரம் பாத்தேன். நம்ம கௌபாய் படத்தை மறுபடி எடுத்திருக்கான். பேரு அதே பேரு. குதிரை, தொப்பி, பின்னால தந்திக் கம்பம். கேபிள்ல ஞாயித்துக்கிழமை போட்டதை நாம கேசட்டுல பிடிச்சு வெச்சு, நடுவுல சோப்பு விளம்பரத்தோட எத்தனை தடவை பாத்திருப்போம். போன மாசம்கூட பேரக்ல கூட அடைச்சிருக்கிற பசங்களுக்கு அந்தக் கதையை இந்தில சொன்னேன். ஊர்ப் பெரிய பண்ணைக்காரன், எதிரியோட குதிரை லாயத்தைக் கொளுத்தச் சொல்லி ஆளுக்குத் தந்தி அடிக்கிறான். லாயம் எரியுது, உள்ள தூங்கினவன் ஒருத்தன் செத்துப் போறான். பழி கூலிக்கு வந்த ஒரு அப்பாவி மேல. அந்தத் தந்தி விஷயம் தெரிஞ்ச ஒரே ஆளு ஸ்டேஷன் தந்திக்காரன். தூக்குல போடுற அன்னைக்கு அவன் சர்ச்சுக்குள்ள எந்திரிச்சு நின்னு, "தந்தியை அனுப்பினது என் கைதான்"னு சொல்லுவான்ல? அந்த எடத்துல இங்க ஒருத்தன் கை தட்டிட்டான்.

நீ போய்ப் பாரு. பாத்துட்டு ஒண்ணு விடாம எழுது. அந்தத் தந்திக்காரன் எந்திரிக்கிற எடம் எப்படி எடுத்திருக்கான்னு முக்கியமா எழுது. பழசைக் கெடுத்திருப்பான்னு எனக்குத் தெரியும். எப்படிக் கெடுத்திருக்கான்னு தெரிஞ்சுக்கணும்.

அத்தானைக் கேட்டதாச் சொல்லு.

ஜோசியா


மெட்டுகுடா
1 டிசம்பர் 2024

அன்புள்ள தம்பி ஜோசிக்கு,

உன் கடிதம் ஸ்டாஃப் ரூமில் என் மேஜைமேல் இருந்தது. உறையின் மேல் சிறையின் முத்திரை. சாந்தா டீச்சர் அதன்மேல் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து மறைத்திருந்தாள்.

நான் ஏன் வரவில்லை என்று நீ கேட்காமலே கேட்டிருக்கிறாய். ஜூலை கடைசியில் கம்பெனியில் உன் அத்தானைக் கூப்பிட்டு, "உங்க மிஸ்ஸஸ் சனிக்கிழமை எங்கே போறாங்கன்னு எங்களுக்குத் தெரியும்" என்று சொல்லியிருக்கிறார்கள். சிரித்துக்கொண்டே சொன்னார்களாம். வீட்டுக்கு வந்தவர் என்னிடம், "கொஞ்ச நாளைக்குப் போக வேண்டாம்" என்றார். அந்தக் கொஞ்ச நாள்தான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது. தமிழ் பேசத்தான் அவருக்கு வரும், படிக்க வராது. மகள் ஜெமிமாவுக்கும் அப்படித்தான். அதனால் இந்த வீட்டில் தமிழ் எழுத்து ஒன்றுதான் எனக்கென்று இருக்கிறது.

படம் பார்த்துவிட்டேன். அவரும் வந்தார். நீ சொல்லித்தான் போகிறேன் என்று அவருக்குத் தெரியாது.

நீ சண்டைக்கு வரப் போகிறாய், தெரியும். ஆனாலும் சொல்கிறேன். நன்றாகவே எடுத்திருக்கிறார்கள். பழையதில் ரயில் வந்து நிற்க, எல்லோரும் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு, யார் யார் என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். இதில் ஐந்து நிமிஷம் ஒருவரும் பேசவில்லை. காற்று. குதிரை மூக்கிலிருந்து புகை. தூரத்தில் தந்தி இயந்திரம் தட்டுகிற சத்தம் மட்டும். அந்தச் சத்தம் படம் முழுக்க வருகிறது. பாட்டே இல்லை. பழையதில் குற்றம் சாட்டப்பட்டவன் ஜெயிலில் இருக்கும்போதும் தலை வாரியது கலையாமல் இருப்பான், நாம் சிரிப்போம். இதில் அவன் பல்லெல்லாம் கறை, நகத்தில் அழுக்கு. எனக்கு அவனைப் பார்க்க முடியவில்லை. உனக்கு அங்கே நகம் வெட்டக் கொடுக்கிறார்களா?

பழையதில் துப்பாக்கிச் சண்டையில் ஆட்கள் மரியாதையாகக் கீழே படுத்துக்கொள்வார்கள். இதில் ஒருவன் சாக மூன்று நிமிஷம் ஆகிறது. கூட இருப்பவன் என்ன செய்வதென்று தெரியாமல் அவன் தொப்பியை எடுத்துத் தூசி தட்டுகிறான்.

தந்திக்காரன் பழையதில் வழுக்கைத் தலை, ஐம்பது வயதுக்காரன் அல்லவா? இதில் சின்ன வயது. கைக்குழந்தை இருக்கிறது. அவன் மனைவிக்குப் பேர் வைத்திருக்கிறார்கள். பழையதில் அவள் இரண்டு தடவை சாப்பாட்டுத் தூக்குடன் வருவாள், வாயே திறக்க மாட்டாள். கடைசியில் வாசலில் நிற்பாள், அவ்வளவுதான். இதில் அவளும் அந்தத் தந்தியைப் படித்துவிடுகிறாள். நிறையப் பேசுகிறாள்.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் உன் அத்தான் எழுந்துவிட்டார். தந்திக்காரன் ஷெரீஃப் வீட்டு வாசல்வரை போய்க் கதவைத் தட்டாமல் நிற்கிற இடம். "தலை வலிக்கி. பார்க்கிங்ல நிக்கேன், நீ பாத்துட்டு வா" என்றார். நான் முழுவதும் பார்த்தேன். காரில் ஏறினதும், "சொன்னானா அவன்?" என்று கேட்டார். சொன்னான் என்றேன்.

முடிவு பழையதுதான். சர்ச், அவன் எழுந்து நிற்பது, எல்லாம் அப்படியே. கொஞ்சம் நீட்டியிருக்கிறார்கள்.

குளிர் தொடங்கிவிட்டது. வக்கீலிடம் ஸ்வெட்டர் கொடுத்திருக்கிறேன்.

அக்கா ரேச்சல்


சிறை
15 டிசம்பர் 2024

அக்கா,

ஸ்வெட்டர் வந்துட்டு. நகவெட்டி பொதுவுல ஒண்ணு இருக்கு, வாரத்துக்கு ஒரு நாள். போதுமா?

உன் கடுதாசியை நாலு தடவை படிச்சேன். முடிவை மாத்தலைன்னதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு எழுதத் தெரியலை. இந்தக் காலத்து டைரக்டர்னா எல்லாத்தையும் கருப்பாக்கி, கடைசில எல்லாரையும் கொன்னு, இதுதான் நிஜம்னு சொல்லுவான். இவன் அப்படிச் செய்யலை. பேரக்ல சொன்னேன், அவங்களும் சந்தோஷப்பட்டாங்க. முட்டாப் பயலுவ, எங்களுக்கு வேற என்ன இருக்கு.

ஆனா அந்தப் பொம்பளையை எதுக்குப் பேச வெச்சான்? பழசுல அவ பேசாம இருந்ததுதான் அழகு. புருசன் கோட்டை மாட்டுறான், இவ பாக்கறா. எங்க போறான்னு அவளுக்குத் தெரியும். போனா வீடு போயிரும்னும் தெரியும். வாசலை விட்டு ஒதுங்கி வழி விடுறா. ஒண்ணும் சொல்லாததுதான் அவ செஞ்ச பெரிய காரியம். அதுக்கு ஒரு பேரும் வசனமும் தேவையா? நக்கோ, வேண்டாம். இதுல நான் பழசு பக்கம்தான்.

இப்ப ஒண்ணு சொல்றேன். முலாகாத்ல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், நடுவுல நூறு பேர் கத்துறான். அதுல இதை முழுசாச் சொன்னதே இல்ல.

பிப்ரவரி ஒம்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை. ஜீடிமெட்லால நம்ம பிளாண்ட்ல நான் ஷிப்ட் இன்சார்ஜ். மூணாம் நம்பர் ரியாக்டரை உள்ள இறங்கிக் கழுவணும். அந்தத் தொட்டிக்குள்ள நைட்ரஜன் நிக்கும். காத்து டெஸ்ட் பண்ணாம ஆளை இறக்கினா ரெண்டு மூச்சுல விழுந்துருவான். டெஸ்ட் பண்ணி பெர்மிட்டுல கையெழுத்துப் போடறது அத்தானோட டிப்பார்ட்மெண்ட். பெர்மிட் வரலை, நான் ஆளை நிறுத்தி வெச்சிருந்தேன். பதினொண்ணே கால் மணிக்கு இண்டர்காம் அடிச்சுது. அத்தான். "ஜோசி, டெஸ்ட் ஆயிட்டு, பெர்மிட் போட்டாச்சு, ஆளை அனுப்பு." அவ்வளவுதான். கழுவுற கூலியாள் பிகாஷ் இறங்கினான். உயிரோட ஏறி வரலை. கம்பெனி இப்ப பெர்மிட்டே போடலைங்குது. நானா அனுப்பினேன்னு கேஸ். இண்டர்காம் பேச்சுக்கு ரிக்கார்டு கிடையாது.

அத்தான் பேரை நான் போலீஸ்ல சொல்லலை. அவரா வந்து சொல்லுவார்னு இருந்தேன். இப்பவும் இருக்கேன். "அந்தப் போனை நான் செஞ்சேன்"னு அவர் சொன்னா போதும்.

நீ அவரைத் தள்ள வேண்டாம். ஒதுங்கி நின்னாப் போதும்.

ஜெமிமாவுக்கு என் கிறிஸ்துமஸ் வாழ்த்து.

ஜோசி


மெட்டுகுடா
5 ஜனவரி 2025

தம்பிக்கு,

உன் கடிதம் அவர் கையில் கிடைத்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஜெமிமா என் கைப்பையில் பேனா தேடியிருக்கிறாள். வெளியே எடுத்து வைத்த சாமான்களில் உன் கடிதமும் இருந்தது. அவருக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் முத்திரை தெரியுமே. ஜெமிமாவைக் கீழே விளையாட அனுப்பிவிட்டு, சாப்பாட்டு மேஜைமேல் அதை விரித்து வைத்தார்.

"படி" என்றார்.

"என்னங்க, அவன் சும்மா..."

"சும்மாத்தான் இருக்கட்டும். படி, கேப்போம்."

எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. என்ன வேண்டுமானாலும் படிக்கலாம். சாப்பாடு சரியில்லை, குளிர், ஜெமிமாவுக்கு முத்தம் என்று நானே கோத்துச் சொல்லியிருந்தால் அவருக்குத் தெரியப் போவதில்லை. நகவெட்டி வரைக்கும் படித்தேன். பிறகு ஏனோ விட்டுப் படிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் படித்தேன். பதினொன்றே கால் மணி, இண்டர்காம், "ஜோசி, டெஸ்ட் ஆயிட்டு" என்று அவர் சொன்ன வார்த்தையை அவரிடமே படித்தேன். என் குரல் எனக்கே யாரோ பாடம் வாசிக்கிற மாதிரி கேட்டது.

முடித்ததும் அவர், "அந்த வரியைத் திருப்பிப் படி" என்றார். எந்த வரி என்று கேட்டேன். "என் பேரைப் போலீஸ்ல சொல்லலைன்னு எழுதிருக்கானே, அது."

திருப்பிப் படித்தேன்.

கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். பிறகு சொன்னார்: "டெஸ்ட் பண்ணலை, ரேச்சல். காத்து டெஸ்ட் பண்ற மீட்டர் ரிப்பேருக்குப் போயிருந்துது. மேனேஜர் நிக்கவெச்சுக் கையெழுத்து வாங்கினான். நான் போட்டேன்." எனக்கு இது தெரியாதது இல்லை. ஆனால் அவர் என்னிடம் இரண்டாவது முறையாகச் சொன்னது அன்றுதான்.

இன்னொன்றும் கேட்டார். அதை இப்போது எழுத என்னால் ஆகவில்லை.

அன்றிலிருந்து காலையில் டிஃபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போகிறார், அப்படியே திரும்பக் கொண்டுவருகிறார். அவருக்காக ஜெபிக்கிறதா, உனக்காக ஜெபிக்கிறதா என்று முழங்காலில் நின்றபடி யோசிக்கிறேன். இரண்டும் ஒரே ஜெபமாக இருக்க முடியாது என்று இப்போது புரிகிறது.

அக்கா


சிறை
2 பிப்ரவரி 2025

அக்கா,

போன வாரம் யோகேஷ்னு ஒரு பையன் எங்க பேரக்குக்கு வந்தான். அடிதடி கேஸ். அவன் அந்தப் படத்தைத் தியேட்டர்ல பாத்திருக்கான், ரெண்டு தடவை.

சர்ச்சுல யாரும் எந்திரிக்கலையாமே. தந்திக்காரன் கோட்டை மாட்டிக்கிட்டு வாசலுக்கு வரானாம். பொண்டாட்டி அவன் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பேசறாளாம், அஞ்சு நிமிஷம். அவன் கோட்டைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு உள்ள போயிடறானாம். வெளிய அந்த அப்பாவியைத் தூக்குல போடறாங்களாம். அதுக்கப்புறமும் படம் கால் மணி நேரம் ஓடுதாம், அவங்க ரெண்டு பேரும் சாப்பிடறாங்களாம்.

பேரக்ல எல்லாரும் என்னைப் பாத்தாங்க. உன் அக்கா பொய் சொல்லிட்டாளான்னு ஒருத்தன் கேட்டான்.

கைக்கு, ஏன் அக்கா? ஒரு சினிமாவுக்குப் போய் எதுக்குப் பொய்? நான் என்ன சின்னப் பிள்ளையா?

ஜோசியா


மெட்டுகுடா
16 பிப்ரவரி 2025

ஜோசி,

பொய்தான் சொன்னேன். உனக்கும் சொன்னேன், பார்க்கிங்கில் நின்றவருக்கும் சொன்னேன். "சொன்னானா?" என்று அவர் கேட்டபோது, இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உனக்கு ஏன் என்றால், அந்தப் பெண் பேசுகிற ஐந்து நிமிஷத்தை என்னால் எழுதியிருக்க முடியாது. பழைய படத்தில் அவள் ஒதுங்கி வழி விட்டதுதான் அழகு என்று நீ எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுக்காமல் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

போன வருஷம் பிப்ரவரி பன்னிரண்டு, திங்கட்கிழமை. உன்னைப் பிடித்துக்கொண்டு போன மறுநாள். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். உன் அத்தான் குளித்து, சட்டை மாற்றி, ஷூ போட்டுக்கொண்டார். எங்கே என்றேன். போலீஸ் ஸ்டேஷனுக்கு என்றார். மீட்டர் விஷயத்தை அப்போதுதான் முதல் முறையாக என்னிடம் சொன்னார். அவர் பையில் பெர்மிட்டின் நகல் இருந்தது, ரோஸ் நிறக் காகிதம். கீழே அவர் கையெழுத்து, பக்கத்தில் மேனேஜர் கையெழுத்து. "இதைக் கொடுத்தா ஜோசியை விட்டுருவாங்க" என்றார்.

நான்தான் பிடித்தேன்.

அந்தப் படத்தில் வருகிற மாதிரி அழவில்லை. குழந்தையைக் காட்டவில்லை. வக்கீல் அன்று மதியம்தான் சொல்லியிருந்தார், பத்து நாளில் ஜாமீன் கிடைத்துவிடும், நெக்லிஜென்ஸ் கேஸ்தானே என்று. அதைத்தான் சொன்னேன். "பத்து நாள்தான். அவன் வந்துருவான். நீங்களும் போய் உள்ள உக்காந்தா வெளிய ஓடுறதுக்கு யார் இருக்கா? அவன் வந்த பிறகு யோசிப்போம்." ரொம்ப நிதானமாகச் சொன்னேன். கணக்குப் பாடம் நடத்துகிற மாதிரி. அவர் ஷூவைக் கழற்றினார். நான் காபி போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் கம்பெனி வாசலிலேயே மேனேஜர் அவர் பையை வாங்கிப் பார்த்து அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டார்.

பத்து நாளில் நீ வரவில்லை. ஒரு மாதத்தில் வரவில்லை. ஒவ்வொரு தடவையும், இனிமேல் போனால் "இத்தனை நாள் எங்கே இருந்தாய்" என்று கேட்பார்களே என்ற பயம் கூடிக்கொண்டே போனது. அவர் மறுபடி ஷூவைப் போடவில்லை. நானும் போடச் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவர் கேட்டது இதுதான்: "அன்னைக்கு நான் கெளம்பினேன்ல, ரேச்சல்? கெளம்பினேன்ல?"

கிளம்பினீர்கள் என்றேன்.

என்னை மன்னித்துவிடு என்று எழுதினால் நீ மன்னிக்க வேண்டியதாகிவிடும். அதனால் எழுதவில்லை.

ரேச்சல்


மெட்டுகுடா
30 மார்ச் 2025

தம்பி,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. கடிதம் உன் கையில் கிடைத்தது என்று வக்கீல் சொன்னார். சரி. நீ படிக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை நாங்கள் இரண்டு பேரும் சந்திரசேகரன் ஆபீசுக்குப் போனோம். நான் கூப்பிடவில்லை. அவரே காலையில் லீவு சொல்லிவிட்டு, "வக்கீல் ஆபீஸ் எங்க இருக்கு?" என்று கேட்டார். ஷூ போட்டுக்கொண்டபோது நான் சமையலறையிலேயே இருந்துவிட்டேன். வெளியே வந்தால் என் முகத்தைப் பார்த்து ஏதாவது நினைத்துக்கொள்வாரோ என்று பயமாக இருந்தது.

வக்கீலிடம் எல்லாவற்றையும் சொன்னார். மீட்டர், மேனேஜர், கையெழுத்து, போன். வக்கீல் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "அந்த நகல் எங்க சார்?" என்றார்.

"வாங்கிக்கிட்டாங்க."

"போட்டோ?"

"எடுக்கலை. தோணலை."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "சார், கோவிச்சுக்காதீங்க. பதிமூணு மாசம் கழிச்சு, கையில ஒரு காகிதம் இல்லாம, குத்தவாளியோட சொந்த அக்கா புருசன் வந்து சொல்றார். மச்சினனைக் காப்பாத்த வந்த கதைன்னு ஒரே வரியில தள்ளிருவாங்க. நம்பினாங்கன்னு வெச்சுக்குவோம், அப்பவும் அவன் வெளிய வரமாட்டான். நீங்க உள்ள போவீங்க, அவ்வளவுதான்."

"பரவால்ல, எழுதுங்க" என்றார் இவர்.

"இன்னொண்ணும் இருக்கு. ஹைகோர்ட்டுல ஜாமீன் மனு லிஸ்ட்டுல இருக்கு. இப்பப் போய் இதைக் கொடுத்தா புது விசாரணைன்னு சொல்லி அதையும் தள்ளி வைப்பாங்க. உங்க மச்சினன் இன்னும் ஆறு மாசம் இருக்க வேண்டி வரும்."

உன் அத்தான் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். போங்கள் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் முடியவில்லை. எதைச் சொன்னாலும் உனக்குத்தான் கெடுதல் என்றால் நான் என்ன சொல்ல? கடைசியில் அவர் வாக்குமூலத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார். எப்போது கொடுப்பது என்று பிறகு பார்ப்போம் என்று வக்கீல் அதை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

படி இறங்கும்போது அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்குப் போயிருந்தா?" என்றார். அது என்னைக் குத்துவதற்காகக் கேட்டது அல்ல. எனக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் தாங்க முடியவில்லை.

கொடுக்கட்டுமா வேண்டாமா என்று நீ ஒரு வரி எழுதினால் அப்படியே செய்வோம்.

அக்கா


மல்லாபூர்
8 ஜூன் 2025

அக்கா,

நான் வெளிய வந்துட்டேன்னு வக்கீல் சொல்லிருப்பார். ஜாமீன் கிடைச்சதுக்கும் உண்மைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. பதினஞ்சு மாசம் ஆச்சு, விசாரணையே தொடங்கலை, இவனை இன்னும் எத்தனை நாள் வெச்சிருப்பீங்கன்னு ஜட்ஜ் கேட்டாராம். அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுட்டு.

மல்லாபூர்ல பழைய சிநேகிதன் ரூம்ல இருக்கேன். உன் வீட்டுக்கு ஆட்டோல அரை மணி நேரம்தான். போன்ல உன் நம்பர் இருக்கு. இருந்தும் பேப்பர் வாங்கிட்டு வந்து எழுதிக்கிட்டிருக்கேன். பேசினா என் குரல் என்ன சொல்லுமோ தெரியலை. எழுதினா அடிச்சுத் திருத்தலாம்.

அத்தானோட வாக்குமூலம் இன்னும் அலமாரியிலதான் இருக்கு. கொடுக்கவா வேண்டாமான்னு வக்கீல் என்னைக் கேக்கார். உன் கடைசிக் கடுதாசியிலயும் அதைத்தான் கேட்டிருந்த. எனக்குத் தெரியலை அக்கா. உள்ள இருந்தப்போ தினமும், கொடுக்கணும், அவரும் இங்க வந்து உக்காரணும்னு நெனச்சேன். உன்னைப் பத்தி நெனச்சதை எழுத மாட்டேன். கோவம் போயிட்டுன்னு எழுத ஆசைதான். போகலை. நீ அன்னைக்குச் சொன்னதுல ஒரு வார்த்தைகூடத் தப்பில்லைன்னும் தெரியுது. ரெண்டையும் வெச்சுக்கிட்டு என்ன செய்யன்னு தெரியலை.

புதுப் படத்தைப் பாத்துட்டேன். சிநேகிதன் போன்ல, ரெண்டு நாளா விட்டு விட்டு. நீ சொன்னது சரி. பழசு எனக்குப் பிடிச்ச படம், புதுசு நல்ல படம். பழசுல தந்திக்காரன் எந்திரிச்சதும் எல்லாம் சரியாயிரும், அதனால நமக்கு அவனைப் பிடிக்கும். புதுசுல அந்தப் பொம்பளை பேசறப்போ நான் ரெண்டு தடவை நிறுத்திட்டேன். அவளைக் கெட்டவளாக் காட்டலை. எந்த வீட்டுலயும் பேசற மாதிரிதான் பேசறா. கடைசில அவங்க சாப்பிடற எடத்துல, அவ ரொட்டியைப் பிச்சு அவன் தட்டுல வைக்கறா, அவன் எடுக்க மாட்டேங்கிறான். நீ இதை ஏன் எழுதலைன்னு அப்ப புரிஞ்சுது.

ஆனா ஒண்ணு கேக்கேன். லாயத்துல எரிஞ்சு செத்தானே, அவன் பேரு என்னன்னு உனக்குத் தெரியுமா? ரெண்டு படத்துலயும் தேடினேன். பழசுல கடைசில ஒரு சிலுவையில பேர் எழுதிருக்கு, படிக்கறதுக்குள்ள கேமரா போயிருது. புதுசுல போர்வைக்கு வெளிய ஒரு கால் தெரியுது. அவ்வளவுதான். ரெண்டு படமும் யார் சொன்னா, யார் சொல்லலைங்கறதைப் பத்தி. நம்ம கடுதாசிங்களும் அப்படித்தான் இருக்கு. பிகாஷ் பேரை நான் ஒரே ஒரு தடவை எழுதிருக்கேன், இறங்கினான்னு. நீ ஒரு தடவைகூட எழுதலை.

உனக்கு எழுதாத ஒண்ணு இருக்கு. அன்னைக்கு அத்தான் போனை வெச்சதும் பிகாஷ் என்கிட்ட கேட்டான், "சார், செக் கர்லியா நா?" டெஸ்ட் பண்ணியாச்சுல்லன்னு. கர்லியா, ஆச்சுன்னேன். ரெண்டு படி இறங்கி நின்னுட்டு, தலையைத் தூக்கி, "பக்கா?"ன்னான். வேற ஒரு போர்ட்டபிள் மீட்டர் பக்கத்து ஷெட்ல இருந்துது. போய் எடுத்துட்டு வர பத்து நிமிஷம் ஆகும். எனக்கு அவசரம், பேட்ச் லேட்டு. "ஹவ் ரே, பக்கா, உதர்"ன்னேன், நிச்சயம்தான், இறங்குன்னு. இறங்கிட்டான்.

இதைப் போலீஸ்ல சொல்லலை, வக்கீல்கிட்டச் சொல்லலை. பதினஞ்சு மாசமா அத்தான் ஒரு வார்த்தை சொல்லணும்னு காத்திருந்தேன். என் வார்த்தையை ஒருத்தரும் கேக்கலை, நானும் சொல்லலை. இதை இப்ப யார்கிட்டச் சொல்லி என்ன ஆகும்னும் தெரியலை.

ஜூலை எட்டாம் தேதி வாய்தா. ஒடிசால இருந்து பிகாஷ் பொண்டாட்டி வராளாம், சாட்சி லிஸ்ட்டுல அவ பேர் இருக்கு. கோர்ட்டு வராண்டா எவ்வளவு குறுகலா இருக்கும்னு உனக்குத் தெரியும். அவ எதிர்லதான் நிக்கணும்.

அத்தான் வரட்டும், வராம இருக்கட்டும். நீ வா. என்கிட்டப் பேச வேண்டாம். அவ முன்னால என்னால தனியா நிக்க முடியாது.

ஜோசி